சோற்றை நிறுத்தாமல் எடை குறைப்பது: எதை முதலில், எதை அப்புறம்

எங்கள் தெருவில் எடை குறைக்கத் தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும் திங்கட்கிழமைதான் நல்ல நாள். அன்றே சோறு, சர்க்கரை, எண்ணெய், ராத்திரிச் சாப்பாடு நான்கும் நின்றுவிடும். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புது ஷூவோடு தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை பார்த்தால் முறுக்கு டப்பா காலி.

நானும் இரண்டு முறை இப்படித்தான் விழுந்தேன். மூன்றாவது முறை ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொண்டேன். அது யோசிக்காமலே நடக்க ஆரம்பித்த பிறகுதான் அடுத்தது. 155 செ.மீ. உயரத்துக்கு 78 கிலோ இருந்தேன்; பதினாறு மாதத்தில் 67க்கு வந்தேன். வேகம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் இறங்கியது திரும்ப ஏறவில்லை.

கடலூரில் வீடு, புதுச்சேரியில் வேலை, ஐந்து பேருக்குச் சமையல், உப்பு காரம் குறைந்தால் கேள்வி கேட்கிற மாமியார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு செய்ய முடிந்ததைத்தான் எழுதுகிறேன். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முன்னால் இருக்கும் படி பின்னால் வருவதைச் சுலபமாக்கும்.

1. தொடங்கும் முன்: ஒரு டேப்பு, ஒரு ரத்தப் பரிசோதனை

எடை மெஷினுக்கு முன்னால் தையல் டேப்பு வாங்குங்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் இடுப்பைச் சுற்றி அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 செ.மீ., பெண்கள் 80 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை. பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) கணக்கிலும் நமக்கு அளவு வேறு: 23க்கு மேல் அதிக எடை, 25க்கு மேல் உடல் பருமன். நம் உடம்பு வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்துவைக்கிற வகை என்பதால்தான் கோட்டைக் கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

சர்க்கரை, தைராய்டு, பிரஷர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவாக இருந்தால் அதற்கு மாத்திரை போடாமல் சோற்றோடு சண்டை போட்டுப் பயனில்லை.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்த வழிகாட்டியை டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மருந்து அதே அளவில் இருந்து, சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். எங்கள் நடைக் கூட்டத்தில் ஓர் அக்கா மூன்றாம் நாளே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். கையில் மிட்டாய் வைத்திருந்த இன்னொருவர் இருந்ததால் தப்பித்தோம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் எடை குறைப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

இலக்கு: இப்போதைய எடையில் 5 சதவீதம், ஆறு மாதத்தில். எனக்கு அது நான்கு கிலோ. சிரிப்பாகத் தெரியும். ஆனால் அந்த அளவுக்கே சர்க்கரையும் பிரஷரும் இறங்கத் தொடங்கும்.

2. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதவரை நான் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியாதா நான் என்ன சாப்பிடுறேன்னு" என்பார்கள். தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

பழைய பால் நோட்டில் நேரம், என்ன, எவ்வளவு, எங்கே என்று நான்கே விஷயம் எழுதினேன். குழந்தை மிச்சம் வைத்த தோசை, தாளிக்கும்போது வாயில் போட்ட நான்கு முந்திரி, ஆபீசில் யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த பப்ஸ் எல்லாம் வர வேண்டும். வாரக் கடைசியில் பார்த்தால் தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதைவிட நின்றுகொண்டு சாப்பிட்டதுதான் எனக்குத் திகைப்பாக இருந்தது. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை, அதாவது பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து குக்கர் விசில் அடிக்கும் வரை, நான் மிக்சர் டப்பா பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

உங்கள் ஓட்டை எந்த மணியில் என்று தெரியாமல் எதை அடைப்பீர்கள்? எழுதும் வாரத்தில் நல்ல பிள்ளையாக நடிக்க வேண்டாம். நடித்தால் நோட்டு வீண்.

3. டம்ளரில் தொடங்குங்கள்

முதல் மாற்றம் குடிக்கும் பொருளில்தான். காரணம் எளிது: குடிப்பது வயிற்றை நிரப்புவதில்லை, ஆகவே அதைக் குறைத்தால் பசி கூடுவதும் இல்லை. தோற்க வாய்ப்பே குறைவான படி இது.

கணக்கைப் பாருங்கள். கடை டீ ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன், சுமார் 10 கிராம் சர்க்கரை. ஆபீசில் மூன்று, வீட்டில் இரண்டு என்றால் ஒரு நாளைக்கு 50 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. மளிகைக் கடையில் அந்தப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். பத்து நாளைக்கு ஒருமுறை அரை ஸ்பூன் குறையுங்கள். நாக்கு பழகிவிடும், இரண்டு மாதம் கழித்துப் பழைய டீயைக் குடித்தால் பாயசம் மாதிரி இருக்கும். எங்கள் ஆபீசுக்கு டீ தூக்கில் மொத்தமாகச் சர்க்கரை போட்டே வரும். "தம்பி, எனக்கு மட்டும் சர்க்கரை தனியா" என்று சொல்ல ஒரு வாரம் கூச்சமாக இருந்தது. இப்போது எங்கள் அறையில் நான்கு பேருக்குத் தனியாக வருகிறது.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு: வெள்ளைச் சர்க்கரையை விட்டு நாட்டுச் சர்க்கரைக்கோ கருப்பட்டிக்கோ தேனுக்கோ மாறிவிட்டு, அளவைக் கூட்டிவிடுவது. கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கொழுப்பைக் கரைப்பதில்லை. பழச்சாற்றுக்குப் பதில் பழம். இளநீர் குடிக்கலாம்.

புதுச்சேரி என்பதால் இதையும் சொல்ல வேண்டும். மதுவில் கிராமுக்கு 7 கலோரி. அதைவிடப் பெரிய கணக்கு பக்கத்துத் தட்டில் இருக்கும் சில்லி சிக்கன். வீட்டுக்காரரிடம் இதை நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

4. எண்ணெய்ப் பாட்டிலில் தேதி எழுதுங்கள்

இரண்டாவது மாற்றம் அடுப்படியில். தட்டில் கைவைப்பதற்கு முன்னால் இதைச் செய்வதற்குக் காரணம், சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. "எனக்கு மட்டும் தனிச் சமையல்" என்று தொடங்கியவர்கள் யாரும் மூன்று மாதம் தாண்டியதில்லை. இரண்டு அடுப்பு எரிய யாருக்கு நேரம்?

எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி., ஏறக்குறைய 120 கலோரி. நாம் அதைக் கரண்டியாலா ஊற்றுகிறோம்? பாட்டிலைச் சாய்த்து ஒரு சுற்று.

பாக்கெட் பிரிக்கும் அன்று அதன்மேல் பேனாவால் தேதி எழுதினேன். மாதக் கடைசியில் ஐந்து பேருக்கு ஆறு லிட்டர் என்று தெரிந்தது. தலைக்கு ஒரு நாளைக்கு 40 மி.லி. அதை நான்கு லிட்டராக்கினேன். வழி இதுதான்: காலையில் அன்றைக்கான எண்ணெயை, எங்கள் வீட்டுக்கு 130 மி.லி., ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுவது. தாளிப்பு, தோசை, வறுவல் எல்லாம் அதிலிருந்துதான். அப்பளம் பொரித்தால் அன்றைக்குத் தோசைக்கு இல்லை, இட்லிதான். பெரிய பாட்டில் மேல் அலமாரிக்குப் போய்விட்டது.

தோசைக்கல் நன்றாகப் பழகியிருந்தால் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்தால் போதும். மீனை மசாலா தடவி அரை மணி நேரம் ஊறவைத்துக் கல்லில் போட்டுச் சிறுதீயில் மூடிவைத்தால், முழுகப் பொரித்ததற்குப் பக்கத்தில் வரும். "பக்கத்தில்" என்றுதான் சொல்கிறேன். அதே ருசி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாமியாருக்கு ஞாயிற்றுக்கிழமை பொரித்த மீன் உண்டு. அது பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுத்தது.

தவறு: செக்கு எண்ணெய் வாங்கிவிட்டோம், இனி தாராளமாக ஊற்றலாம் என்று நினைப்பது. செக்கோ ஆலிவோ, கிராமுக்கு அதே 9 கலோரிதான். தேங்காய்ச் சட்னியும் இந்தக் கணக்கில் சேரும்.

5. தட்டு: சோற்றைக் குறைக்கும் முன் சுற்றைக் குறையுங்கள்

இதுதான் நடுநாயகமான படி. மூன்று நான்கு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் சோறு அதிகமாவதற்குப் பசி காரணமில்லை, வரிசைதான் காரணம். சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. நடுவில் வத்தக்குழம்பு இருந்தால் அதற்கும் ஒன்று. குழம்பு மாறும்போதெல்லாம் வயிற்றைக் கேட்காமலே கரண்டி சட்டிக்குள் போய்விடும். வெந்த சோறு 100 கிராமுக்கு சுமார் 130 கலோரி. நான்கு சுற்றில் என்னை அறியாமல் அரைக் கிலோ போயிருக்கிறது. ஒரு நாள் சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தேன்.

செய்ய வேண்டியது: ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். மோரையும் அப்படியே. சோறு குழம்புக்கு மட்டும், ஒரே தடவை, முதலிலேயே போட்டுக்கொண்டு சட்டியை மூடிவிடுங்கள். சுற்று இரண்டு குறைந்தாலே சோறு பாதியாகிவிடும். "சோறு கம்மியா சாப்பிடறேன்" என்ற எண்ணம்கூட வராது.

அடுத்து, தட்டில் கை போகும் வரிசை. முதலில் பொரியல், கீரை, கூட்டு. அப்புறம் பருப்போ மீனோ முட்டையோ. கடைசியில் சோறு. நாரும் புரதமும் முன்னால் போனால் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாக ஏறும், சீக்கிரமே போதும் என்று தோன்றும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்க வேண்டும் என்கிறது. நம் பொரியல் வழக்கமாக ஊறுகாய்க்கு அண்ணன் அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே ஐந்து பேருக்கு அரைக் கிலோ நறுக்கிய இடத்தில் ஒரு கிலோ நறுக்க வேண்டும். நேரம் பிடிக்கும், பொய் சொல்ல மாட்டேன். உழவர் சந்தையில் வாங்கி ஞாயிறு மாலை டி.வி. பார்த்தபடியே பீன்ஸ், கோஸ், கேரட்டை நறுக்கி டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

புரதத்துக்குக் கடலூர்க்காரர்கள் அலைய வேண்டியதில்லை. வஞ்சிரம்தான் மீன் என்பதில்லை. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி விலை குறைவு, சத்து குறைவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விலை ஏறும். அதற்கு முன்பே மாற்று யோசித்து வையுங்கள்: முட்டை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தயிர். பிரஷர் உள்ளவர்கள் அந்த இரண்டு மாதமும் கருவாட்டில் ஓட்டாதீர்கள், உப்பு அதிகம்.

இந்தப் படியில் பார்த்த தவறுகள் நிறைய.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறுவது. அரிசியும் கோதுமையும் கிராமுக்குக் கிராம் கலோரியில் ஏறத்தாழ சமம். எண்ணெய் தடவிய நான்கு சப்பாத்தியும் குருமாவும் முன்பு சாப்பிட்ட சோற்றைத் தாண்டிவிடும்.

சிறுதானியம் என்றால் கணக்கே இல்லை என்று நினைப்பது. நார் அதிகம், நல்லதுதான். அதையே நெய்யும் முந்திரியும் போட்டுத் தினைப் பொங்கலாக்கி இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை எப்படி இறங்கும்? பண்ருட்டி முந்திரி நம் பக்கத்து ஊர்ப் பெருமை, சரி. ஒரு சின்னக் கைப்பிடி, 30 கிராம், 165 கலோரிக்கு மேல்.

கொள்ளுத் தண்ணீர். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லிக்கொண்டே வடிகட்டிய நீரைக் குடித்துவிட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போட்டார் எங்கள் நாத்தனார். புரதமும் நாரும் அந்தப் பருப்பில்தான் இருக்கிறது. சுண்டலாக்கிச் சாப்பிடுங்கள்.

முதல் வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது என்று குதிப்பது. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் உடம்பு சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்கிற சர்க்கரை இருப்பு கரையும்; அதோடு கட்டிவைத்திருந்த தண்ணீரும் போகும். சோற்றைத் தொட்டதும் அந்தத் தண்ணீர் திரும்பி வரும். மனம் உடைவது அங்கேதான்.

6. ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே

நோட்டில் எனக்கு வந்த ஓட்டை இது. பெரும்பாலானோருக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

புதுச்சேரியிலிருந்து கிளம்புவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுகிறேன்: டப்பாவில் சுண்டல், அல்லது அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அல்லது ஒரு கொய்யா. பசியோடு வீட்டுக்குள் நுழைந்தால் மன உறுதி வேலைக்கு ஆகாது. மிக்சர் டப்பாவை ஒளித்து வைப்பதும் பயன்படாது, ஒளித்ததே நாம்தானே. சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் வைக்கப் பாருங்கள். படுக்கும் முன் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இந்த மணிக்கணக்கு பொருந்தாது. அவர்கள் நைட் ஷிப்டுக்கு வீட்டுச் சாப்பாட்டை எடுத்துப் போய், நடுராத்திரிப் பரோட்டாவைத் தவிர்த்தாலே பெரிய காரியம். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் மறுநாள் இனிப்பும் எண்ணெயும்தான் கேட்கும். போனை வேறு அறையில் வையுங்கள்.

7. நடை: பத்து நிமிடத்தில் தொடங்கி

நடையை ஏழாவதாக வைத்ததற்குத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் கணக்கு அப்படித்தான். 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 120 கலோரி சொச்சம். நடை முடித்துச் சில்வர் பீச்சில் (அதே தேவனாம்பட்டினம் கடற்கரைதான்) இரண்டு மிளகாய் பஜ்ஜி வாங்கினால் கணக்கு நேர், சில சமயம் பாக்கி. நடை எடையைத் திரும்ப ஏறவிடாமல் பிடித்துவைக்கும், சர்க்கரையைக் குறைக்கும், தூக்கம் தரும். தட்டைத் திருத்தாமல் நடை மட்டும் போதாது.

முதல் இரண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், தெருவிலேயே. சாப்பிட்டவுடன் நடந்தால் தசைகள் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அப்புறம் வாரத்துக்கு 150 நிமிடம் என்று மெல்லக் கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம்.

புதியவர்கள் முதல் நாளே வெறுங்காலோடு மணலில் நடக்கிறார்கள். மணல் குதிகாலையும் கெண்டைக்காலையும் இழுத்துவிடும். ஒரு மாதம் குதிகால் வலியோடு வீட்டில் இருந்தவர்கள் எங்கள் கூட்டத்திலேயே மூன்று பேர். கெட்டித் தரையில் நடங்கள். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு யோகம்: கடற்கரைச் சாலையில் மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லை. ஒருமுறை போய்த் திரும்பினால் இரண்டரை கிலோமீட்டர் பக்கம். திரும்பும்போது ஐஸ்கிரீம் வண்டி இருக்கிற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக வாருங்கள்.

இன்னொன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம் ஊரில் மழை. புயல் சின்னம் என்று ஒரு வாரம் வெளியே போக முடியாது. நடையை விட்டவர்கள் அநேகமாக எல்லோரும் அந்த மாதங்களில்தான் விட்டார்கள். மழைக்கு முன்பே வீட்டு வராந்தாவில் எத்தனை நடை அரை மணி நேரம் என்று எண்ணி வையுங்கள். கத்திரி வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.

8. தோப்புக்கரணம்

எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் கரையும், நாற்பதுக்கு மேல் இன்னும் அதிகமாக. ஆகவே வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை. ஜிம் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது பத்து, மூன்று தடவை. முழங்கால் ஒத்துழைத்தால் தோப்புக்கரணம். சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் பாதி வரை இறங்கினால் போதும்.

9. கல்யாணமும் ஆடியும் தீபாவளியும்

பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்காக நாம் எடை குறைக்கவில்லை. சாப்பிடுங்கள். இனிப்பு, வடை, பாயசம் மூன்றில் எது பிடிக்குமோ அதை ருசித்து முழுதாக, மற்றவற்றைத் தொடாமல். இரண்டாம் தடவை பரிமாறுகிறவர் வரும்போது இலையைக் கையால் மறைப்பதை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்; "ஒண்ணே ஒண்ணு அக்கா" என்பதற்குள் லட்டு விழுந்திருக்கும்.

ஆபத்து கல்யாண நாளில் இல்லை, மறுநாள் பட்டினி கிடப்பதில் இருக்கிறது. மறுநாள் வழக்கமான இட்லி, வழக்கமான நடை. தீபாவளிப் பலகாரத்தைப் பாதி அன்றே பக்கத்து வீடுகளுக்கு அனுப்பிவிடுங்கள். அவர்களும் அனுப்புவார்கள், அது வேறு சிக்கல்.

10. முள் நகராமல் நின்றால்

வாரத்துக்கு ஒரே நாள், காலையில், சாப்பிடும் முன் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் உப்பும் தண்ணீரும் மாதவிலக்கும் செய்யும் ஒரு கிலோ ஏற்ற இறக்கத்தில் மனம் அலையும். எனக்கு ஐந்தாம் மாதத்தில் ஏழு வாரம் முள் நகரவேயில்லை. டேப்பு மட்டும் இரண்டு செ.மீ. குறைத்துக் காட்டியது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் இருந்தவர்களுக்கு உணவையும் நடையையும் மாற்றியதில் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறிப்பிடும்படி இறங்கவில்லை. முள் காட்டாத வேலையும் உள்ளே நடக்கிறது.

ஆறு வாரத்துக்கு மேல் எடை, டேப்பு இரண்டும் அசையாவிட்டால் புது டயட் தேடாதீர்கள். பால் நோட்டை எடுத்து மறுபடி ஒரு வாரம் எழுதுங்கள். எண்ணெய் பாக்கெட்டின் தேதியைப் பாருங்கள். இளைத்த உடம்புக்கு முன்பைவிடக் குறைவாகவே போதும் என்பதும் ஒரு காரணம். அதற்கு ஒரு கைப்பிடி சோறு குறைத்துக்கொள்ளலாம், அல்லது நடையில் பத்து நிமிடம் கூட்டலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் வேண்டாம்.

எந்த முயற்சியும் இல்லாமல் எடை மளமளவென்று இறங்கினால் சந்தோஷப்படாமல் டாக்டரிடம் போங்கள். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, அந்தத் தாளோடு நோட்டையும் எடுத்துப் போங்கள். எனக்கு ஒன்பதாவது மாதத்தில் பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கினார்கள். டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் ஏம்மா ஒண்ணுமே எழுதலை?" என்று கேட்டார்.